இயற்பியலில் எம்.எஸ்ஸி வாங்காத இரண்டு வாத்தியார்கள்

ராமன், போஸ், சாஹா. இந்திய இயற்பியல் என்றதும் நம் பாடப்புத்தகங்கள் சொல்லும் மூன்று பெயர்கள். இந்த மூன்று பேரில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் ராமன் ஒருத்தர்தான். சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாஹாவும் 1915 ஆம் ஆண்டு எம்.எஸ்ஸி தேர்வில் முதல் இரண்டு இடம் பிடித்தது 'மிக்ஸட் மேத்தமேடிக்ஸ்' பாடத்தில், அதாவது கலப்புக் கணிதத்தில். இப்போ நாம் பயன்பாட்டுக் கணிதம் என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அது. அதற்கு அடுத்த வருஷமே கல்கத்தா பல்கலைக்கழகம் அவர்களை ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டது. சீக்கிரமே இரண்டு பேரும் எம்.எஸ்ஸி இயற்பியல் வகுப்பில் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதை முதலில் படித்தபோது வேடிக்கையான ஒரு தகவல் என்றுதான் குறித்து வைத்துக்கொண்டேன். தோண்டத் தோண்ட, விஷயமே இதுதானோ என்று தோன்ற ஆரம்பித்தது. சாஹா சமன்பாடு, போஸ் புள்ளியியல் இரண்டுமே எம்.எஸ்ஸி வகுப்புக்குப் பாடம் தயார் செய்த மேஜையிலிருந்து வந்தவை. இதைச் சும்மா அழகுக்காகச் சொல்லவில்லை, அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ராமன். அவர் கதையைத் தெரிந்துகொண்டால்தான் கல்கத்தாவில் நடந்தது எவ்வளவு வித்தியாசமானது என்று புரியும்.

ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1904 இல் பி.ஏ. முடித்தார், பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் பரிசோதித்த ஆங்கிலேய மருத்துவர், இந்த உடம்பு அந்த ஊர்க் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். அதனால் அதே கல்லூரியில் எம்.ஏ. அந்தக் காலத்தில் சென்னையில் இயற்பியலுக்கும் எம்.ஏ. தான். பேராசிரியர் ரிச்சர்ட் லூவெலின் ஜோன்ஸ் இவருக்கு ஒரு சலுகை கொடுத்தார்: வகுப்புக்கு வரணும்னு கட்டாயம் இல்லை, ஆய்வகத்தில் விருப்பப்படி வேலை செய்துகொள்ளலாம். இன்றைக்கு எந்த எம்.எஸ்ஸி மாணவனுக்கும் கிடைக்காத வரம். வருகைப் பதிவு 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுத விடமாட்டார்கள்!

அந்தச் சுதந்திரத்தில்தான், நிறமாலைமானியை வைத்து முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் சாதாரண மாணவர் சோதனையின்போது, ராமன் கண்ணில் ஒன்று பட்டது. ஒளி மிகச் சாய்வாக விழும்போது ஓரங்களில் தெரியும் விளிம்பு விளைவுப் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இதே சோதனையை எத்தனையோ மாணவர்கள் செய்து, கோணத்தைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ராமன் அந்தப் பட்டைகளை அளந்து கட்டுரை எழுதினார். லண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' 1906 நவம்பர் இதழில் அது வந்தது. அப்போது அவருக்கு பதினெட்டு வயது. 1907 இல் எம்.ஏ.விலும் முதலிடம். பிறகு என்ன செய்தார்? நிதித்துறைத் தேர்வு எழுதி, அதிலும் முதலாவதாக வந்து, உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார். இயற்பியல் முதுகலை வாங்கிய ஒரு இந்தியருக்கு நல்ல ஆராய்ச்சி வேலை என்று எதுவும் இங்கே இல்லை. பத்து வருஷம் பகலில் கணக்கு, காலையும் மாலையும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகம்.

சென்னையில் இருந்தது இதுதான்: திறமையான ஒரு மாணவன், ஒதுங்கி நின்ற நல்ல பேராசிரியர், சுமாரான ஆய்வகம். ஆனால் ராமன் படித்த எம்.ஏ.வில் குவாண்டம் கிடையாது, சார்பியல் கிடையாது. ராமனைக் குறை சொல்லவில்லை. ஐன்ஸ்டைனின் கட்டுரைகள் வந்ததே 1905 இல்தானே.

பத்து வருஷம் கழித்து அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. 1915 வாக்கில் ஐரோப்பாவில் இயற்பியலே தலைகீழாகிவிட்டது. பிளாங்க், ஐன்ஸ்டைன், போர் எல்லாரும் எழுதியாகிவிட்டது. புதிதாக எம்.எஸ்ஸி ஆரம்பிக்கிறவர்கள் இதைச் சொல்லித்தர வேண்டும். யார் சொல்லித்தருவது?

கல்கத்தா பல்கலைக்கழகம் 1857 இல் ஆரம்பித்தது. ஆனால் ரொம்ப காலம் அது தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் ஒரு அலுவலகம்தான். பாடம் நடந்தது கல்லூரிகளில். 1904 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் நேரடியாகக் கற்பிக்க வழிவிட்டது. 1906 முதல் 1914 வரை துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி அந்த வழியை முழுசாகப் பயன்படுத்தினார். உயர்நீதிமன்ற நீதிபதி, அடிப்படையில் கணிதக்காரர். பணத்துக்கு இரண்டு வக்கீல்கள்: தாரக்நாத் பாலித் நிலமும் பணமுமாகப் பதினைந்து லட்சத்துக்குப் பக்கத்தில், ராஷ்பிகாரி கோஷ் பத்து லட்சம். 1912, 1913 இல் இது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பணத்தில் உருவாகும் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்கள்தான் உட்காரணும் என்று நிபந்தனை. பாலித்தின் இடமான 92, அப்பர் சர்க்குலர் ரோட்டில் 1914 மார்ச் 27 அன்று அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

அடிக்கல் நாட்டியாச்சு, ஆள் வேண்டுமே? பாலித் பேராசிரியர் பதவியை ராமனுக்குக் கொடுத்தார்கள். அதற்கு வெளிநாட்டில் பயிற்சி எடுத்திருக்கணும் என்று விதி. ராமன் போகமாட்டேன் என்றார். கடைசியில் விதியைத் தளர்த்தி, அவர் வந்து சேர்ந்தது 1917 இல். கோஷ் பேராசிரியராக நியமிக்கப்பட்ட தேவேந்திரமோகன் போஸ் (ஜகதீஷ் சந்திர போஸின் சகோதரி மகன்) உயர்கல்விக்காக 1914 இல் பெர்லின் போனார். போன கையோடு உலகப்போர் வந்துவிட்டது. எதிரி நாட்டுப் பிரஜை என்று அங்கேயே மாட்டிக்கொண்டு, திரும்பி வந்தது 1919 இல். இன்னொரு இளைஞர் சைலேந்திரநாத் கோஷ். அவரோ புரட்சி இயக்கத் தொடர்பால் போலீஸ் தேட, அமெரிக்காவுக்குத் தப்பித்துப் போய்விட்டார். ஒரு பேராசிரியர் அக்கவுண்டன்ட் ஆபீஸில், ஒருத்தர் பெர்லினில் சிறைப்பட்ட மாதிரி, ஒருத்தர் தலைமறைவு. நம்ம ஐ.டி. ப்ராஜெக்ட்டுகளில்கூட ஆரம்பத்திலேயே இவ்வளவு ஆள் பற்றாக்குறை வராது.

இந்த இடத்தில்தான் போஸும் சாஹாவும் வருகிறார்கள். இருவரும் மாநிலக் கல்லூரி வகுப்புத் தோழர்கள் (இது கல்கத்தா மாநிலக் கல்லூரி). போஸ் கல்கத்தாக்காரர், ரயில்வே ஊழியர் மகன். சாஹாவின் பின்னணி வேறு. டாக்கா பக்கத்தில் சியோராத்தளி என்ற கிராமம், அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. உதவித்தொகையை நம்பித்தான் படிப்பு. 1905 வங்கப் பிரிவினைச் சமயத்தில், ஆளுநர் ஃபுல்லர் வந்தபோது நடந்த மாணவர் எதிர்ப்பில் கலந்துகொண்டதால் டாக்கா கல்லூரிப் பள்ளியில் இடமும் போச்சு, உதவித்தொகையும் போச்சு. வேறு பள்ளியில் சேர்ந்து மேலே வந்தார். கல்கத்தா ஈடன் இந்து விடுதியில் சாதி காரணமாகப் பந்தியிலும் பூஜையிலும் ஒதுக்கப்பட்டார். எம்.எஸ்ஸி முடித்ததும் அவரும் ராமன் போன பாதையிலேயே நிதித்துறைத் தேர்வு எழுத நினைத்தார். புரட்சியாளர்களோடு பழக்கம் உள்ளவர் என்று அரசாங்கம் அனுமதி மறுத்துவிட்டது. சைக்கிளில் போய் டியூஷன் எடுத்துக் காலம் தள்ளினார். அந்த அனுமதி கிடைத்திருந்தால் இன்னொரு திறமையான கணக்கு அதிகாரி கிடைத்திருப்பார். எல்லா அதிகாரியும் ராமன் மாதிரி மாலையில் ஆய்வகத்துக்குப் போவார்கள் என்று என்ன நிச்சயம்?

முதலில் இருவரும் கணிதத்துறையில்தான் சேர்ந்தார்கள். அங்கே பேராசிரியர் கணேஷ் பிரசாதோடு ஒத்துப்போகவில்லை. மாணவர்களையும் அவர்களுடைய பழைய ஆசிரியர்களையும் அவர் மட்டம் தட்டுவார் என்றும், தான் எதிர்த்துப் பேசிவிட்டதாகவும் போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆக, இரண்டு பேரும் இயற்பியல் பக்கம் மாறினார்கள். அசுதோஷ் கூப்பிட்டு, என்ன பாடம் எடுப்பீர்கள் என்று கேட்டாராம். நீங்கள் சொல்வதை எடுக்க முயற்சி செய்கிறோம் என்றார்களாம். சாஹா குவாண்டம் கொள்கையைப் படிக்கணும், போஸ் சார்பியலைப் படிக்கணும், பிறகு மாணவர்களுக்குச் சொல்லித்தரணும் என்று ஏற்பாடு.

எதை வைத்துப் படிப்பது? ஆங்கிலத்தில் புத்தகம் இல்லை. ஜெர்மன் ஆய்விதழ்கள் போரால் நின்றுவிட்டன. உதவிக்கு வந்தவர் ப்ரூல். ஷிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்தவர், அடிப்படையில் தாவரவியல்காரர், ஜெர்மன் மொழிக்காரர். அவர் வீட்டு அலமாரியில் பிளாங்க், போல்ட்ஸ்மன், லாவே ஆகியோரின் ஜெர்மன் புத்தகங்கள் இருந்தன. அவற்றை இரவல் வாங்கி, ஜெர்மன் மொழியையும் கூடவே கற்றுக்கொண்டு படித்தார்கள். இந்தியாவில் குவாண்டம் இயற்பியல் நுழைந்தது ஒரு தாவரவியல்காரரின் புத்தக அலமாரி வழியாக என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், ஆனால் உண்மையிலிருந்து ரொம்ப தூரம் இல்லை.

வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று. எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அடுத்த வாரம் எடுக்க வேண்டியதை இந்த வாரம் படிக்கணும். புது மொழியில் வேலை எடுத்துக்கொண்டு, இரவெல்லாம் ஆவணங்களைப் புரட்டிவிட்டுக் காலையில் குழுவுக்கு விளக்கிய அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அந்த நிலையில் ஒரு நன்மை உண்டு. நன்றாகத் தெரிந்தவன் தாண்டிப் போகும் இடத்தில் நமக்குக் கால் இடறும். ஏன் இடறியது என்று நின்று பார்த்தே ஆகணும், ஏனென்றால் நாளைக்கு ஒருத்தன் கை தூக்கிக் கேட்பான்.

சாஹாவின் பொறுப்பில் வெப்ப இயக்கவியலும் நிறமாலையியலும் வந்தன. கூடவே அவருக்கு வானியலில் பழைய ஆசை, ஆக்னஸ் கிளார்க் எழுதிய நட்சத்திரப் புத்தகங்களைப் படித்து வந்தது. அப்போது விளங்காமல் இருந்த ஒரு புதிர்: சூரியனின் வண்ணக்கோளத்தில் அயனியாகிப்போன கால்சியத்தின் கோடுகள் மிக உயரத்தில் தெரிகின்றன, சாதாரண கால்சியத்தின் கோடு கீழேயே நின்றுவிடுகிறது. மேலே போகப்போக வெப்பம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் விளக்கலாம், ஆனால் அப்படிச் சொல்ல அன்றைக்கு யாரிடமும் ஆதாரம் இல்லை.

போர் முடிந்து ஜெர்மன் இதழ்கள் மறுபடி வர ஆரம்பித்தபோது, ஜான் எக்கர்ட் என்பவர் 1919 இல் எழுதிய ஒரு கட்டுரை சாஹா கையில் கிடைத்தது. நட்சத்திரத்துக்குள் அணுவிலிருந்து எலெக்ட்ரான் பிரிவதை, ஒரு வேதிச்சேர்மம் சூட்டில் பிரிவதைப் போலவே கணக்குப் போடலாம் என்பது எக்கர்ட்டின் யோசனை. ஆனால் எலெக்ட்ரானைப் பிரிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதற்கு அவர் ஒரு தோராயத்தைத்தான் வைத்திருந்தார். நிறமாலையியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த சாஹாவுக்கு, அந்த எண்களை ஆய்வகங்களில் அளந்தே வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அதை நேரே சமன்பாட்டில் போட்டார். வெப்பத்தோடு அழுத்தமும் முக்கியம் என்று வந்தது. அழுத்தம் குறைவாக உள்ள மேலடுக்கில், பிரிந்த எலெக்ட்ரான் திரும்ப ஒட்டிக்கொள்ள ஆள் கிடைக்காது. அதனால் அங்கே அயனிகள் அதிகம். புதிர் அவிழ்ந்தது. கட்டுரை 1920 அக்டோபரில் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' இதழில் வந்தது. எம்.எஸ்ஸி வகுப்புகளுக்கு வெப்ப இயக்கவியலும் நிறமாலையியலும் சொல்லித்தந்துகொண்டே வானியல் பிரச்சினைகளை யோசித்ததில்தான், 1919 இல் இந்தக் கொள்கை தன் மனதில் உருவானதாக சாஹா பிற்பாடு எழுதினார். இரண்டு பாடமும் ஒரே ஆளின் தலையில் விழுந்தது தற்செயல். ஆள் பற்றாக்குறை இல்லாத ஒரு துறையில் அவற்றை வேறு வேறு பேராசிரியர்கள் எடுத்திருப்பார்கள்.

ஐந்து வருஷம் கழித்து, ஹார்வர்டில் செசிலியா பெய்ன் இந்தச் சமன்பாட்டை வைத்துத்தான் நட்சத்திரங்களில் ஹைட்ரஜனே மிக அதிகம் என்று காட்டினார்.

ஆனால் இதெல்லாம் சுகமான கதை இல்லை. இதற்கு முன்பே, ஒளியின் அழுத்தம் அணுக்களைத் தேர்ந்தெடுத்துத் தள்ளும் என்று சாஹா ஒரு நீண்ட கட்டுரை எழுதி அமெரிக்க 'அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னல்' இதழுக்கு அனுப்பினார். அச்சுச் செலவில் ஒரு பங்கைக் கட்டினால் போடுகிறோம் என்று பதில். கட்ட அவரிடம் பணம் இல்லை. அங்கே சின்னக் குறிப்பு மட்டும் வந்தது. முழுக் கட்டுரை கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சொந்த இதழில் போய் விழுந்தது, அதை வெளியே யார் பார்ப்பார்கள்? தன் சமன்பாட்டைச் சோதித்துப் பார்க்கவும் கல்கத்தாவில் வசதி இல்லை. லண்டனில் ஆல்ஃப்ரட் ஃபௌலர் ஆய்வகத்துக்கும் பெர்லினில் நெர்ன்ஸ்ட் ஆய்வகத்துக்கும் போக வேண்டி வந்தது. வகுப்பறையிலிருந்து கொள்கை பிறக்கலாம், உலையும் வெற்றிடக் குழாயும் பிறக்காது. ராமன் கல்கத்தாவில் இருந்தவரை தன் ஆராய்ச்சியைப் பௌபஜார் தெருவிலேயே வைத்துக்கொண்டதற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம்ம ஊர் வத்திராயிருப்பிலிருந்து 1920 இல் இயற்பியல் படிக்கக் கல்கத்தா போன கே.எஸ். கிருஷ்ணனும் 1923 இல் அங்கேதான் ராமனிடம் சேர்ந்தார். அதற்கப்புறம் 1928 வரை நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

போஸ் பக்கம் வருவோம். சார்பியல் பாடத்துக்குப் புத்தகம் இல்லை என்றதும், போஸும் சாஹாவும் சேர்ந்து ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தார்கள். மகலனோபிஸ் வரலாற்று முன்னுரை எழுதினார். 1920 இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆங்கில உரிமையை ஒரு லண்டன் பதிப்பகம் வைத்திருந்ததால், இந்தியாவுக்குள் மட்டும் விற்கலாம் என்று ஐன்ஸ்டைன் சம்மதம் தந்தார். வகுப்புக்கு நோட்ஸ் வேண்டும் என்று ஆரம்பித்து, ஐன்ஸ்டைன் கட்டுரைகளின் முதல் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஒன்றில் போய் முடிந்திருக்கிறது.

1921 இல் டாக்கா பல்கலைக்கழகம் ஆரம்பித்ததும் போஸ் அங்கே ரீடராகப் போனார். அங்கேயும் எம்.எஸ்ஸி வகுப்பு. பிளாங்க் விதியைக் கரும்பலகையில் வருவிக்கும்போதெல்லாம் ஒரு இடம் உறுத்தியது. பாதிக் கணக்கு பழைய மின்காந்தக் கொள்கை, பாதி குவாண்டம். ஒன்றையொன்று மறுக்கும் இரண்டை ஒட்டுப்போட்டு எப்படி ஒரு விதி வரும்? 1924 தொடக்கத்தில் சாஹா டாக்கா வந்து போஸ் வீட்டில் தங்கியபோது, பௌலியும் ஐன்ஸ்டைன்-எரன்ஃபெஸ்ட்டும் எழுதியிருந்த புதுக் கட்டுரைகளைப் பற்றிச் சொல்லி, இந்த உறுத்தலைக் கிளறிவிட்டுப் போனார்.

வகுப்பில் போஸ் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார், ஆனால் விடை சரியாக வந்துவிட்டது என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போஸ் பிற்காலத்தில் சொன்னது இதைவிடச் சாதாரணமானது: மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஆசிரியர் என்ற முறையில் அந்த முரண்பாடு தனக்குத் தெரிந்திருந்தது, அதைத் தன் வழியில் தீர்க்க நினைத்தேன் என்பதுதான். தன்னை அறியாமல் புதையலில் தடுக்கி விழுந்தவராக அவரைக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் செய்தது என்ன? ஒளியை அலையாகவே எடுத்துக்கொள்ளாமல், முழுக்கத் துகள்களின் வாயுவாக எடுத்துக்கொண்டார். துகள்கள் இருக்கக்கூடிய நிலைகளைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்தார். எந்தத் துகள் எந்த அறையில் என்று கேட்காமல், எத்தனை அறைகளில் எத்தனை துகள் என்று மட்டும் எண்ணினார். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இந்தப் பதிவுகளுக்கு ஐ.டி. எண் கிடையாது. இரண்டு பதிவுகளை இடம் மாற்றினால் புது நிலை எதுவும் பிறக்காது. இரண்டு நாணயம் சுண்டினால் நமக்கு நான்கு விதமான முடிவு. ஐ.டி. இல்லாத நாணயங்களுக்கு மூன்றுதான். இப்படி எண்ணியதும், பழைய மின்காந்தக் கொள்கையின் ஒட்டு எதுவும் இல்லாமல் பிளாங்க் விதி நேராக வந்தது.

1924 ஜூன் 4 அன்று கட்டுரையோடு ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதினார். சார்பியல் கட்டுரைகளை மொழிபெயர்க்கக் கல்கத்தாவிலிருந்து அனுமதி கேட்ட ஒருவரை ஞாபகம் இருக்கிறதா, அந்த ஆள் நான்தான் என்று அதில் ஒரு வரி. ஐன்ஸ்டைன் கட்டுரையைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து, முக்கியமான முன்னேற்றம் என்று குறிப்புச் சேர்த்து 'ட்ஸைட்ஷ்ரிஃப்ட் ஃபியூர் ஃபிஸிக்' இதழில் வெளியிட்டார். ஐன்ஸ்டைன் அனுப்பிய அஞ்சலட்டையைப் பார்த்ததும் ஜெர்மன் தூதரகம் கட்டணம்கூட வாங்காமல் விசா கொடுத்தது என்று போஸ் சொல்லியிருக்கிறார்.

ஐரோப்பாவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு 1926 இல் திரும்பியபோது டாக்காவில் பேராசிரியர் பதவி காலி. போஸிடம் முனைவர் பட்டம் இல்லை, கலப்புக் கணித எம்.எஸ்ஸி மட்டும்தான். ஐன்ஸ்டைனிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டியிருந்தது. 'போஸ்-ஐன்ஸ்டைன்' என்று உலகம் சொல்ல ஆரம்பித்திருந்த நேரத்தில் இந்த நிலைமை! அப்படியும் தேர்வுக்குழு முதலில் எடுத்தது போரின்போது பெர்லினில் மாட்டிக்கொண்ட அதே தேவேந்திரமோகன் போஸை. அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் இவருக்குக் கிடைத்தது.

1945 இல் அவர் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கே கைரா பேராசிரியராகத் திரும்பி வந்தார். 1956 வரை எம்.எஸ்ஸி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். அதே 92 ஆம் எண் கட்டடம்தான். தெருவின் பெயர் மட்டும் பிற்பாடு ஆச்சார்ய பிரஃபுல்ல சந்திர ரோடு என்று மாறியது.